சைக்கிளில் ஜோடியாகப் போகலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்து நாட்டில் ஒரு கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச் செடிகள்.

ஒரு தகப்பனும் பத்து வயது மகளும் சைக்கிளில் வருகிறார்கள். மகள் சாலை ஓரமாக வருகிறாள். தகப்பன் அவளுக்கு வலது பக்கத்தில் வருகிறார்.

பின்னால் ஒரு கார் வருகிறது. சைக்கிள்களைக் கண்டதும் வேகம் குறைகிறது. காரில் இருப்பவருக்குக் கோபம். ஹாரனை விடாமல் அழுத்துகிறார். கண்ணாடியை இறக்கி, "ஒருவர் பின்னால் ஒருவர் போகக்கூடாதா? ரோடு என்ன உங்கள் வீட்டுச் சொத்தா?" என்று கத்திவிட்டுப் பறக்கிறார்.

பிரிட்டனில் நெடுங்காலமாக நடந்து வரும் சண்டை இது. சைக்கிளில் இருவர் ஜோடியாகப் போகலாமா, கூடாதா?

ஒரு பென்னி புத்தகம்

சாலையில் எப்படிப் போகவேண்டும் என்று சொல்ல, பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறது. அதற்கு "ஹைவே கோட்" என்று பெயர். முதன்முதலாக 1931-ம் ஆண்டில் வெளிவந்தது. விலை ஒரு பென்னி. அப்போது அந்த நாட்டில் ஓடிய மோட்டார் வாகனங்கள் ஏறக்குறைய 23 லட்சம்தான். ஆனால், சாலை விபத்தில் ஆண்டுக்கு 7 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்!

இந்தப் புத்தகத்தில் 66-வது விதி சைக்கிள்காரர்களுக்கு உரியது. இரண்டு பேருக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது, குறுகலான சாலையிலும், நெரிசலிலும், வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும் என்று முன்பு அதில் இருந்தது. அதாவது, இருவர் ஜோடியாகப் போவது அப்போதே குற்றம் அல்ல. ஆனால், கார் ஓட்டுகிறவர்களில் பலர் அதைக் குற்றம் என்றே நினைத்தார்கள். ஹாரன் அடித்தார்கள். திட்டினார்கள்.

2022-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி புதிய விதி வந்தது. இருவர் ஜோடியாகப் போகலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. கூட்டமாகப் போகும்போதும், குழந்தைகளையும் புதிதாக ஓட்டுகிறவர்களையும் கூட்டிப் போகும்போதும், அப்படிப் போவதே அதிகப் பாதுகாப்பாக இருக்கக்கூடும் என்றும் சொல்கிறது.

உடனே அந்த நாட்டுப் பத்திரிகைகளில் பெரிய கூச்சல். "சைக்கிள்காரர்களுக்குச் சாலையையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்கிற மாதிரி பேச்சு கிளம்பியது.

12 அடியில் என்ன செய்வது?

வழியை அடைத்துக்கொண்டு போவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அங்கேயும் நம் நாட்டைப்போல வாகனங்கள் இடது பக்கம்தான் போகின்றன. நல்ல அகலமான சாலையில், ஒரு வரிசை வாகனம் போகும் பாதை சுமார் 12 அடி. கிராமத்துச் சாலையில் அவ்வளவுகூட இராது.

சைக்கிளில் போகிறவர் சாலையின் விளிம்பில் உரசிக்கொண்டு போக முடியாது. ஒன்றரை அடியாவது தள்ளித்தான் போவார். அவருக்கு 2 அடி இடம் வேண்டும். சைக்கிளைத் தாண்டும் கார், குறைந்தது ஒன்றரை மீட்டர், அதாவது சுமார் 5 அடி, விலகிப் போகவேண்டும் என்று அதே புத்தகம் சொல்கிறது. (மணிக்கு 30 மைல் வேகம் வரை இந்த அளவு. அதற்கு மேல் போனால் இன்னும் விலகவேண்டும்.) காரின் அகலம் 6 அடி.

மொத்தம் எவ்வளவு? பதினாலரை அடி!

பாதையோ 12 அடி. ஆகவே, ஓரமாக ஒரே ஒரு சைக்கிள் போனாலும், அதை முறையாகத் தாண்டவேண்டுமானால் கார் எதிர்ப் பாதையில் ஏறித்தான் ஆகவேண்டும். எதிரே வண்டி வந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். போவது ஒருவரானால் என்ன, இருவரானால் என்ன?

ஒருவர் மட்டும் ஓரமாகப் போகும்போதுதான் ஆபத்து அதிகம். "இடம் இருக்கிறதே, நுழைந்து விடலாம்" என்று கார்க்காரருக்கு ஆசை வருகிறது. எதிரே லாரி வரும்போதுகூட நடுவில் புகுந்து பார்க்கிறார். கார் கண்ணாடி முழங்கையை உரசுகிறது. சைக்கிள் கொஞ்சம் ஆடினால் போதும்.

ஜோடியாகப் போனால் அந்த ஆசை வராது. தூரத்தில் இருந்தே இருவரும் கண்ணில் படுவார்கள்.

கூட்டமாகப் போனால் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சைக்கிளின் நீளம் 6 அடி. 12 பேர், 6 அடி இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகப் போனால் வரிசையின் நீளம் 138 அடி. இரண்டு இரண்டு பேராகப் போனால் 66 அடிதான். கார் எதிர்ப் பாதையில் ஓடவேண்டிய தூரமும் குறைகிறது.

வீரர் சொன்ன விளக்கம்

இதை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், கிறிஸ் போர்டுமேன். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர். சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனுக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. சைக்கிள்காரர்கள் ஏன் ஜோடியாகப் போகிறார்கள் என்பதை அவர் ஒரு சிறு படத்தில் விளக்கிக் காட்டினார்.

2016-ம் ஆண்டு அவருடைய தாயார், வேல்ஸ் பகுதியில் சைக்கிளில் போனபோது வண்டி மோதி இறந்து போனார். வயது 75. அந்த விபத்துக்கும் ஜோடியாகப் போவதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால், சாலையில் சைக்கிள்காரரின் உயிர் எவ்வளவு மலிவு என்பது போர்டுமேனுக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்து போயிற்று. 2022-ல், நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வசதி செய்ய இங்கிலாந்தில் ஒரு புதிய அரசாங்க அமைப்பு ஏற்பட்டபோது, அதன் கமிஷனராக அவரை நியமித்தார்கள்.

பிரான்சிலும் இருவர் ஜோடியாகப் போகலாம். ஆனால், இருட்டிவிட்டாலும், பின்னால் வரும் வண்டி தாண்டப்போவதாகத் தெரிவித்தாலும் ஒரே வரிசையாக மாறவேண்டும். நெதர்லாந்திலும் இருவர் வரை சட்டம் அனுமதிக்கிறது. அங்கே தாய்மார்கள் குழந்தையின் முதுகில் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொடுத்தபடியே பக்கத்தில் ஓட்டிப் போவது சர்வசாதாரணமான காட்சி.

பேச்சுத் துணை

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஜோடியாகப் போகிறவர்கள் உண்மையில் எதற்காகப் போகிறார்கள்? பேசுவதற்காகத்தான்! காரில் முன் சீட்டில் இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். அவர்களை யாரும், "ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருங்கள்" என்று அதட்டுவது இல்லை.

பேச்சு ருசியில் பின்னால் வருவதைக் கவனிக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னால் பத்துக் கார்கள் சேர்ந்துவிட்டாலும் அசையமாட்டார்கள். புதிய விதி இவர்களையும் சும்மா விடவில்லை. பின்னால் வருகிறவர்களைக் கவனிக்கவேண்டும், ஆபத்து இல்லாத இடம் வந்ததும் ஒரே வரிசையாகியோ நின்றோ வழி விடவேண்டும் என்கிறது. அந்த இடம் எது என்பதை முடிவு செய்வது மட்டும் சைக்கிளில் இருப்பவர்.

பிரிட்டனில் சைக்கிள் சங்கங்கள் பழமையானவை. 1878-லேயே ஒரு சுற்றுலா சங்கம் தொடங்கிவிட்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தார் இரண்டு இரண்டு பேராகக் கிளம்புகிறார்கள். பின்னால் கார் சத்தம் கேட்டால், கடைசியில் வருகிறவர் குரல் கொடுக்கிறார். வளைவு தாண்டுகிற வரை பொறுக்கிறார்கள். பிறகு வெளிப்பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே ஒதுங்குகிறார்கள். கார் போகிறது. டிரைவர் கை காட்டினால் இவர்களும் கை காட்டுகிறார்கள்.

பிறகு மறுபடியும் ஜோடி சேர்ந்து, விட்ட இடத்தில் இருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். அடுத்த ஊர் டீக்கடைக்கு இன்னும் நான்கு மைல்.