நெடுமரங்களை விறகாக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர் மரங்கள் சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குன்றி, மறுநடவுக்காக வெட்டப்படுகின்றன. அப்பொழுது அடிமரமும் கிளைகளும் ஒரே சமயத்தில் குவிகின்றன. ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் விறகு வேண்டியிருத்தலால், அவற்றை விரைவில் துண்டாக்க இயந்திரம் வாங்கலாமா என்னும் கேள்வி நிலக்காரர்களுக்கு எழுவது இயல்பே.

பின்லாந்து, கனடா முதலிய குளிர்தேசங்களில் வழங்கும் விறகு இயந்திரமானது, நெடுமரத்தைத் தானே முன்னே தள்ளி, வாளால் அறுத்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தண்டினால் ஆப்பின்மீது அழுத்திப் பிளந்து, வண்டியில் ஏற்றிவிடும். அது செவ்வனே வேலை செய்ய மரம் நீண்டதாயும், நேரானதாயும், ஏறக்குறைய ஒரே பருமனுள்ளதாயும் இருத்தல் வேண்டும். சவுக்கும் தைலமரமும் இதற்கு ஏற்றவை. ரப்பரோ தாழக் கிளைத்து, வளைந்து வளர்வது. அதன் நேரான அடிமரத்தை அறுப்பாலைக்கும் ஒட்டுப்பலகைத் தொழிலுக்கும் விற்றல் விறகாக்குவதினும் லாபகரமானது. எஞ்சிய கோணற்கிளைகள் அவ்வியந்திரத்தில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும்.

ஆகையால், வாங்குமுன் மரத்தையே முதலில் அளத்தல் வேண்டும். சுற்றளவை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். சுற்றளவு 110 செ.மீ. ஆயின், குறுக்களவு 35 செ.மீ. ஆகும். 60 செ.மீ. வட்டவாளோ, நடுவிலுள்ள பிடியைக் கழிக்க, சுமார் 25 செ.மீ. ஆழத்திற்கு மேல் அறுக்காது. எனவே அடிமரத்திற்குச் சங்கிலிவாளும், கிளைகளுக்கு வட்டவாளும், பருத்த துண்டுகளுக்குத் தனியாக ஒரு பிளக்கும் கருவியும் வைத்துக்கொள்ளல் சிறு தோட்டக்காரருக்குப் போதுமானது.

வெட்டுமுன் பால் சிரட்டையைத் தாங்கிய கம்பியையும், பால் வழிய அடித்த தகட்டையும் தேடிப் பிடுங்கிவிடல் மிக அவசியம். பட்டையுள் மறைந்த ஒரு கம்பித்துண்டு வாளின் பற்களை மழுக்குவதோடு, தெறித்துக் கூலியாளின் கண்ணையும் கெடுக்கக்கூடும். காப்புத்தகடும் உடனே நிறுத்தும் விசையும் இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. ஓடும் வாளருகே தொங்கும் துண்டு, வேட்டி ஆகியவற்றோடு எவரும் நிற்கலாகாது.

காலத்தையும் கருதுதல் வேண்டும். பச்சை ரப்பர் மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரே. அந்நீர் ஆவியாவதிலேயே சூளையின் வெப்பம் பெரிதும் வீணாகும். இந்நாட்டில் இருபருவ மழையும் பெய்தலால், இலையுதிரும் தை, மாசி மாதங்களில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கினால் கோடையிலேயே விறகு உலர்ந்துவிடும். வேகமான இயந்திரத்தின் பயன் இக்குறுகிய காலத்திலேதான் தெரியும்.

ஆயினும் ஆண்டில் 10 நாள் மட்டும் ஓடும் இயந்திரம் எஞ்சிய 355 நாளும் வட்டியையும் துருவையும் வளர்க்கும். ஒன்றிரண்டு ஏக்கர் உடையார் தனித்தனியே கடன்பட்டு வாங்குவதினும், பலர் சேர்ந்து முறைவைத்து வாடகைக்கு அமர்த்துவதே நன்று. மறுநடவு செய்வோரைக் கிராம அதிகாரிகள் மார்கழியிலேயே கலந்து, எவர் தோட்டத்தில் எந்நாள் வேலை என்பதை வரையறுத்து வைப்பின், செலவும் குறையும். மழைக்கு முன் விறகும் கொட்டகை சேரும்.