காலணியில் விழும் காசு

சங்கம் என்றதும் சம்பள உயர்வே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. அது தேவையே. ஆயினும், அயலார் துயர் துடைப்பதும் சங்கத்தின் கடமை என்பதற்குத் தீயணைப்பு வீரர்கள் நல்ல சான்றாவர்.

நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான அதே 1954ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போஸ்டன் நகரத் தீயணைப்பு வீரர் சங்கத்தினர் தசைச்சிதைவு நோயுற்றோருக்காக நிதி திரட்டலாயினர். மறு ஆண்டே அமெரிக்கா, கனடா நாடுகளின் தீயணைப்பு வீரர்களது பொதுச் சங்கமும் அப்பணியை ஏற்றது. தாம் அணியும் நீண்ட காலணியையே உண்டியலாக ஏந்தி அவர்கள் வீதியில் நிற்பர். அதில் விழும் சில்லறை, மருத்துவ ஆராய்ச்சிக்கும் நோயுற்ற பிள்ளைகளின் கோடை முகாமுக்கும் உதவுகிறது. ஆபத்தில் ஓடிவருபவரின் கை என்பதால் மக்கள் தயங்காது ஈகின்றனர்.

அத்தகைய நம்பிக்கையைப் பெற நமக்கும் வழியுண்டு. திகாம் பத்து வட்டாரத்தில் பால்மரங்கள் நிற்கும் இடங்களில், ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலைகள் உதிர்ந்து சருகாய்க் குவியும். ஒரு பீடித் துண்டு போதும். மரத்தோடு பிழைப்பும் கருகும். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். வண்டி வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தாரே துணை. ஆகவே, நம் இளைஞர்கள் தொண்டூழியத் தீயணைப்புப் படையில் சேர்ந்து பயிற்சி பெறுவார்களாக. ஊரைக் காக்கும் கைக்கு ஊரும் கைகொடுக்கும்.