நின்று நின்று ஓடும் படகு மோட்டார்

புளியந்தோப்பிற்கு வடகிழக்கே காசிமேட்டுத் துறையினின்று கடலேகும் பைபர் படகுகளிற் பல, பின்புறம் மாட்டிய மோட்டாரால் ஓடுவன. நடுக்கடலில் அது நின்றுவிடின் உயிருக்கே இடராம். நின்ற மோட்டார் சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுக்க மீண்டும் ஓடுமாயின், முதற்கண் எண்ணெய்த் தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகை நோக்குக. அஃது அடைபட்டிருப்பின், எண்ணெய் குறையக் குறையத் தொட்டியினுள் காற்றழுத்தம் குன்றும். எண்ணெய் வருதல் தடைப்படும். குழாயின் இடையேயுள்ள ரப்பர்க் குமிழும் சப்பிப்போகும். மூடியைத் திறந்தவுடன் காற்றுச் சீறி உட்புகுமாயின் காரணம் வெளிப்படை.

திருகு திறந்திருந்தும் மோட்டார் தளருமாயின், குமிழை அமுக்கிப் பார்க்க. உடனே தேறினால், குறை எண்ணெய் வரும் வழியிலேயே உளது. எண்ணெயிற் சிறிது கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தால், கலந்த நீர் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். அமுக்கியும் தேறாது, சூடேறியபின் நின்று ஆறியபின் ஓடுமாயின், தீப்பொறி தரும் மின்சுருளை ஐயுறுக. இச்சோதனைகளைக் கரையிலேயே செய்து முடித்தல் அறிவுடைமை.