குரலைக் காப்போம்: மடிக்கணினியில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?



அமராவதி நகரை அறிந்தவர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று உடுமலைப்பேட்டை வட்டாரத்துக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றுகிறது. கதவைச் சாத்தினாலும் சந்து வழியே சீழ்க்கை அடிக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான், சில ஆண்டுகளுக்கு முன், பங்கு இளைஞர்கள் இருவரோடு நாங்கள் ஒரு முதியவரின் வீட்டிற்கு மடிக்கணினியோடு சென்றோம்.

அவர் எண்பது வயதைக் கடந்த உபதேசியார். பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தை இராகமிட்டு வாசிப்பவர். புத்தகத்தில் வார்த்தைகள் இருக்கின்றன, இராகம் இல்லை. அது அவர் தம் தந்தையிடம் காதால் கேட்டுக் கற்றது. அவருக்குப் பின் அதை வாசிக்க ஆள் இல்லை என்பதால் ஒலிப்பதிவு செய்துவிட எண்ணினோம். சட்டைப் பட்டியில் ஒரு சிறிய மைக்கை மாட்டினோம். ஒரு மணி நேரம் வாசித்தார். திரையில் நீல அலைகள் அழகாக ஓடின. முடிந்ததும், "சாமி, குரலு விழுந்துச்சுங்களா?" என்று கேட்டார். "நல்லா விழுந்துருக்குதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பங்கு இல்லத்தில் போட்டுக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. மின்விசிறியின் இரைச்சல், காற்றின் சீழ்க்கை, மடிக்கணினியின் உள்ளே சுழலும் சிறு விசிறியின் ரீங்காரம். இவற்றுக்குப் பின்னால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவருடைய குரல். "அடுத்த மாதம் மறுபடி போகலாம்" என்றோம். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார்; பேச்சு திரும்பவில்லை.

பிழை மைக்கில் இல்லை, மென்பொருளிலும் இல்லை. ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்காத எங்களிடம்தான் இருந்தது. அதே பிழையை வேறு பங்குகளில் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒலிப்பதிவு ஏன் வேண்டும்?

திருச்சபைக்கு ஒலி ஊடகம் புதிதல்ல. வானொலியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான மார்க்கோனி வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுக்க, திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று அதைத் தொடங்கி வைத்தார். மணிலாவிலிருந்து ஆசிய மொழிகளில் ஒலித்த ரேடியோ வெரித்தாஸ் ஆசியா 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்திற்கு மாறியது. ஒரு காலத்தில் பெரிய கோபுரமும் நிலையமும் தேவைப்பட்ட பணியை இன்று ஒரு பங்கின் மடிக்கணினியும் ஓரளவு செய்ய முடியும்.

நம் பகுதியில் இதற்குத் தேவையும் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சரக்கு அனுப்பும் நெருக்கடி வந்தால் ஞாயிறும் வேலை நாள்தான். ஷிப்டு முடித்து அறைக்கு வரும் தம்பி, தங்கைகள் மறையுரையைக் கைப்பேசியில் கேட்கிறார்கள். இது திருப்பலிக்கு ஈடாகாது. ஆனால் பங்கோடு ஓர் இழையாவது அறுபடாமல் இருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதியோருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாதோருக்கும் ஒலியே வாசல்.

என்ன தேவை?

ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு மென்பொருள். மென்பொருளாக நாங்கள் பயன்படுத்துவது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மாட்சோனி, ரோஜர் டானன்பெர்க் ஆகிய இருவரும் 1999-இல் இதை உருவாக்கத் தொடங்கினர். 2000 மே மாதத்தில் வெளியிட்டனர். 2021 முதல் இது மியூஸ் குழுமத்தின் பொறுப்பில் உள்ளது. இது கட்டற்ற மென்பொருள், விலை இல்லை. எனவே திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை. பத்துக் கட்டளைகளைக் கற்பிக்கும் பங்கு அலுவலகத்தில் திருட்டு மென்பொருள் இருப்பது நன்றாக இராது அல்லவா! விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கம் செய்யுங்கள். அதே பெயரைக் காட்டும் பிற தளங்கள் வேண்டாத நிரல்களையும் சேர்த்துத் தரக்கூடும்.

முதல் படி: மைக் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா?

எங்கள் ஒலிப்பதிவு கெட்டது இங்கேதான். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் காதொலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அந்தத் துளைக்கு ஏற்ற பிளக்கில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும். எங்கள் மைக்கின் பிளக்கில் இரண்டே வளையங்கள். அது கேமராவுக்கு உரிய மைக். செருகினால் உள்ளே போகும், ஆனால் கணினி அதை மைக் என்று அறியாது. எந்த எச்சரிக்கையும் தராமல், தன் உடலிலேயே உள்ள சிறு மைக்கை எடுத்துக்கொண்டு பதிவு செய்யும். எங்களுக்கு நடந்தது இதுவே. இரண்டு வளைய மைக் உள்ளவர்கள் அதற்குரிய இணைப்பு ஒயர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். யுஎஸ்பி மைக் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டாம் படி: அனுமதி

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதில் மைக்ரோபோன் பகுதியைத் திறவுங்கள். மைக் பயன்பாடும், மேசைக்கணினிச் செயலிகளுக்கான அனுமதியும் இயக்கத்தில் இருக்க வேண்டும். அது மூடியிருந்தால் ஆடாசிட்டியில் அலை எழாது, நேர்க்கோடுதான் ஓடும்.

மூன்றாம் படி: ஆடாசிட்டியிடம் சொல்லுதல்

மைக்கைச் செருகிய பிறகு ஆடாசிட்டியைத் திறவுங்கள். முன்பே திறந்திருந்தால், ஆடியோ செட்டப் என்ற பொத்தானை அழுத்தி, ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் புதிதாக வந்த மைக் பட்டியலில் தெரியாது. பிறகு அதே பொத்தானின் கீழ் ரிக்கார்டிங் டிவைஸ் என்பதில் உங்கள் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ரிக்கார்டிங் சானல்ஸ் என்பதில் ஒன்று, அதாவது மோனோ, போதும். ஒருவர் பேசுவதற்கு இரண்டு தடங்கள் தேவையில்லை.

அதிர்வெண் 44,100 ஹெர்ட்ஸ் என்று இருக்கட்டும். அது என்ன எண் என்று சிலர் கேட்கலாம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். ஓர் ஒலியைச் சரியாகப் பதிவு செய்ய, அதன் அதிர்வெண்ணைப்போல இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான முறை ஒரு நொடியில் அளந்து குறிக்க வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தகடு இந்த 44,100-ஐயே ஏற்றது.

நான்காம் படி: தட்டிப் பார்த்தல்

சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவைத் தொடங்கி, மைக்கின் மேல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினியின் விளிம்பைச் சுரண்டுங்கள். மைக்கைச் சுரண்டும்போது அலை பெரிதாக எழுந்தால் சரி. கணினியைச் சுரண்டும்போது பெரிதாக எழுந்தால், தவறான மைக் வேலை செய்கிறது என்று பொருள். இந்த ஒரு நிமிடச் சோதனையை அன்று செய்திருந்தால் உபதேசியாரின் இராகம் இன்று நம்மிடம் முழுமையாக இருந்திருக்கும். திரையில் அலை ஓடினால் மட்டும் போதாது. யாருடைய காதிலிருந்து அது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒலி அளவு

பேசுபவரை இயல்பான குரலில் பேசச் சொல்லி, அளவுக் காட்டியைக் கவனியுங்கள். உச்சங்கள் கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபெல் வரை எழுவது நலம். பூச்சியத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டப்படும். வெட்டுண்ட ஒலி கரகரப்பாக மாறும். அதைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய இயலாது. குறைவாகப் பதிந்ததை உயர்த்தலாம். மிகுதியாகப் பதிந்து சிதைந்ததை மீட்பது அரிது. ஐயமிருந்தால் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

ஆறாம் படி: அறையைத் தயார் செய்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் எதிரொலிக்கும். பாய், போர்வை, துணி மூட்டை ஆகியவை எதிரொலியை விழுங்கும். துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே காரணம். பக்கத்தில் விசைத்தறி ஓடினால் அது நிற்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். ஆடியில் போகாதீர்கள், தையில் போங்கள்!

பதிவைத் தொடங்கியதும் பத்து நொடி யாரும் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் பின்னால் பயன்படும்.

ஏழாம் படி: சேமித்தல்

ஆடாசிட்டியில் சேவ் ப்ராஜெக்ட் என்று சேமித்தால் கிடைக்கும் கோப்பு ஆடாசிட்டியில் திருத்துவதற்கானது. மற்றவர் கைப்பேசியில் ஒலிக்காது. எனவே எக்ஸ்போர்ட் வழியாக இரண்டு வடிவங்களில் எடுங்கள். பாதுகாக்க வேவ், பகிர எம்பி3. பதினாறு பிட் மோனோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 317 மெகாபைட் ஆகும். அதையே நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-ஆக மாற்றினால் சுமார் 29 மெகாபைட்தான். பேச்சுக்கு இது போதுமானது. முன்பெல்லாம் எம்பி3 எடுக்க லேம் என்ற துணை நிரலைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது.

வேவ் கோப்பின் ஒரு பிரதி கணினியிலும், ஒன்று வெளி வன்தட்டிலும், ஒன்று வேறு இடத்திலும் இருக்கட்டும். கோப்பின் பெயரில் பேசியவர், இடம், தேதி ஆகியவை இருந்தால் பின்வருவோருக்கு உதவும்.

கெட்டுப்போனதை மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி ஆடாசிட்டியில் உண்டு. யாரும் பேசாத அந்தப் பத்து நொடியை மட்டும் தேர்ந்தெடுத்து, "இதுதான் இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து இயக்கினால், அந்த இரைச்சலின் சாயலை அது எல்லா இடத்திலும் குறைக்கும். விசிறிச் சத்தம்போல ஒரே சீராக வருவது நன்கு குறையும். காற்றைப்போல ஏறி இறங்குவது அவ்வளவாகக் குறையாது. மிகுதியாகப் பயன்படுத்தினால் குரலும் தகரம்போல் ஆகிவிடும்.

உபதேசியாரின் பதிவில், அவர் மூச்சு வாங்க நின்ற ஓர் இடைவெளியை எடுத்து இப்படிச் செய்து பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் கேட்கும்படி கிடைத்தது. அதைக் கொண்டுபோய் அவருடைய படுக்கை அருகே ஒலிக்கவிட்டோம். தம் குரலைத் தாமே கேட்டு, அசையும் ஒரு கையால் தாளம் போட்டார். அவருடைய பேத்தி பக்கத்தில் நின்று, இராகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். மீதி ஐம்பது நிமிடத்திற்கு நாங்கள் பொறுப்பு.

ஒரு வரலாற்றுச் செய்தியோடு நிறைவு செய்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் கிரியர்சன் என்பவரின் தலைமையில் இந்திய மொழிகளின் பெரும் அளவாய்வு நடந்தது. ஒவ்வொரு மொழிக்கும் மாதிரியாக அவர் தேர்ந்துகொண்டது காணாமற்போன மகன் உவமை. 1910-களிலும் 1920-களிலும் அந்த உவமை பல இந்திய மொழிகளில் இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அக்குரல்களை இணையத்தில் கேட்க முடிகிறது. பேசியவர்கள் மறைந்துவிட்டார்கள், குரல் வீடு திரும்பியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தாலாட்டுத் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார். பழைய செபங்களை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தாத்தா இருப்பார். அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள். பகிரலாமா, வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். பிறகு மைக்கைச் செருகி, ஒரு முறை சுரண்டிப் பார்த்துவிட்டு, பதிவைத் தொடங்குங்கள். முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல், அங்கேயே ஒரு நிமிடம் போட்டுக் கேளுங்கள். "குரல் விழுந்ததா?" என்று அவர்கள் கேட்கும்போது, கேட்ட பிறகே பதில் சொல்லுங்கள்.