குதிரை மருந்தும் ஓர் எச்சரிக்கையும்



மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகள் இன்று சமூக ஊடகம் வழியாக மக்களிடம் நேரடியாகப் பேசுகின்றன. இதில் பயனும் உண்டு, இடறலும் உண்டு.

2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் சிலர், கோவிட் நோய்க்கென்று கால்நடைகளுக்கான ஐவர்மெக்டினை உட்கொண்டனர். "நீங்கள் குதிரையல்ல, மாடுமல்ல" என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ட்விட்டரில் எழுதியது. செய்தி வேகமாகப் பரவியது. ஆனால் அம்மருந்து, சில ஒட்டுண்ணி நோய்களுக்கு மனிதருக்கும் அனுமதிக்கப்பட்டதே. மருத்துவர் மூவர் வழக்குத் தொடுத்தனர். அந்த நிர்வாகம் தகவல் தரலாம், மருத்துவ ஆலோசனை கூறலாகாது என்றது 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2024இல் சமரசம் ஏற்பட்டு, பதிவுகள் நீக்கப்பட்டன.

கோவிட்டுக்கு அம்மருந்து பயன்தரவில்லை என்றே பெரிய ஆய்வுகள் காட்டின. எச்சரிக்கை சரிதான், கேலியாகச் சொன்னதே அதைப் பலவீனமாக்கிற்று. நோயாளிகளிடம் பேசும் எவரும் இதை நினைவில் வைப்பது நல்லது.