ஆட்சேபமும் சமாதானமும்

ஒரு கருத்தை நிலைநாட்டும் பொருட்டுக் கட்டுரை எழுதப் புகுவோர் பலர், தம் பக்கத்து நியாயங்களைத் திரட்டுவதில் காட்டும் சிரத்தையில் பாதியளவேனும், அக்கருத்தை மறுப்பவர் என்ன சொல்லக்கூடும் என்று ஆராய்வதில் காட்டுவதில்லை. எதிர்ப்பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தம் பக்கம் தளர்ந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பது என் அபிப்பிராயம். நாம் எடுத்துச் சொல்லாமல் விட்டதனால் ஓர் ஆட்சேபம் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வாசகரின் உள்ளத்தில் காவற்காரனைப்போல் இருந்துகொண்டு, நாம் மேன்மேலும் அடுக்கும் பிரமாணங்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மேடையில் பேசுபவருக்குச் சபையின் முகம் கண்ணெதிரே இருக்கிறது. எங்கே சந்தேகம் எழுகிறது, எங்கே முகம் சுளிக்கிறது என்பதைக் கண்டு, அந்த இடத்திலேயே நின்று விளக்கிவிட்டு அவர் மேலே செல்லலாம். எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் வாசகர் கேட்கக்கூடிய கேள்வியை வாசகரின் சார்பில் தாமே கேட்டுக்கொண்டு விடையும் சொல்ல வேண்டியவராகிறார். காந்தியடிகள் 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், கப்பலிலேயே குஜராத்தியில் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூல் முழுவதும், வாசகர் ஒருவர் வினவப் பத்திரிகாசிரியர் விடை பகர்வதாகவே அமைந்திருக்கிறது. அந்த வாசகர் தலையாட்டி அல்லர். ஆயுத பலத்தால் ஆங்கிலேயரை விரட்ட வேண்டும் என்று, அக்காலத்து இளைஞர் பலர் மெய்யாகவே நம்பிய கொள்கையை, அவர் நூல் நெடுக வற்புறுத்திக்கொண்டே வருகிறார்.

வடமொழித் தரிசன நூல்களில் எதிராளியின் கொள்கையாகிய பூர்வபட்சத்தைக் கூறாமல், தம் முடிவாகிய சித்தாந்தத்தைக் கூறும் வழக்கம் அரிது. எதிராளி கருதாத பொருளை அவர் சொல்லின்மேல் ஏற்றி, பின்னர் அதை மறுத்து வெற்றி கொண்டாடுவதற்குக் கௌதமரின் நியாய சூத்திரம் 'சலம்' என்று பெயரிட்டு, அதன் வகைகளையும் வகுத்துக் காட்டியது. தமிழில் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் நூல்களுக்கு உரிய ஏழு மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, தொகுத்தபோது, பிறர் கொள்கைக்கு உடன்படுதலையும் அதனை மறுத்தலையும் முதலிரண்டாக வைத்து, பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின்பு களைதலை மூன்றாவதாக எண்ணினார். மறுத்தல் வேறு, மேற்கொண்டு களைதல் வேறு என்று அவர் பிரித்தது நுட்பமான பாகுபாடு. முன்னது வெளியே நின்று செய்வது. பின்னதற்கோ எதிராளியின் கொள்கைக்குள் ஒருமுறை புகுந்து, அங்கிருந்து உலகம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

இதனைப் பெரிய அளவில் செய்து காட்டியவர், பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர். அவருடைய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்ற இரு பகுதிகளாக நிற்கிறது. சைவ சித்தாந்தத்தை உபதேசிக்கும் சுபக்கத்துக்கு வாசகர் வந்து சேருமுன், உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு மதத்தினரைச் சந்தித்தாக வேண்டும். ஒவ்வொரு மதமும் முதலில் தன் கொள்கையைச் சொல்லி முடிக்க, அதன் பின்பே மறுதலை தொடங்குகிறது. கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்று சாதிக்கும் உலகாயதனுக்கும் அந்த முறை வழங்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தை எடுத்துரைப்பதால் விளைந்த மற்றொரு நன்மையையும் நம் இலக்கிய வரலாற்றிலே காண்கிறோம். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையும் இல்லாதிருப்பின், குண்டலகேசியைப் பற்றி நாம் அறிந்திருக்கும் சிறிதளவும் இன்னும் சிறிதாகியிருக்கும்.

இத்தனை நெடிய பழக்கத்தை உடைய மொழியில், இன்று பள்ளிகளிலும் பத்திரிகைகளிலும் எழுதப்படும் வாதக் கட்டுரைகளில் எதிர்க்கருத்து எவ்வாறு இடம்பெறுகிறது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. ஏரிப் புறம்போக்கில் எழுந்துவிட்ட வீடுகளை அகற்றி ஏரியை மீட்க வேண்டும் என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முன்னுரையில் நீரின் பெருமையும், பொருளுரையில் ஏரி சுருங்கியதன் கேடுகளும் கூறப்பட்ட பின், முடிவுரைக்குச் சற்று முன்னதாக, 'சிலர் இதனை எதிர்க்கின்றனர்; அவர்கள் தம் சுயநலத்தையே பெரிதாக எண்ணுகின்றனர்' என்று இரண்டே வாக்கியங்கள் வருகின்றன. அந்தச் 'சிலர்' யார், அவர்கள் சொல்வது என்ன என்பதற்கு அங்கே விடையில்லை. அந்த ஏரிக்குள் குடியிருக்கும் ஒருவர் இக்கட்டுரையைப் படித்தால், தம்மைப் பற்றி எழுதியவர் தம்மிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று கண்டுகொண்டு, மேற்கொண்டு படிக்காமல் மடித்து வைத்துவிடுவார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'நாங்கள் இரவோடு இரவாக வந்து குடிசை போட்டவர்கள் இல்லை. மனை என்று சொல்லித்தான் விற்றார்கள், பத்திரமும் பதிவாயிற்று. ஊராட்சியில் வீட்டு வரி வாங்கினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், இந்த விலாசத்துக்கே ரேஷன் கார்டும் வந்தது. இதே ஏரிக்குள் சர்க்கார் கட்டடமும் நிற்கிறதே, எங்கள் வீடு மாத்திரம் எப்படி ஆக்கிரமிப்பு ஆகும்?' இதுவே மெய்யான ஆட்சேபம். இதில் பொய் இல்லை, பெரும்பகுதி நியாயமும்கூட. பதிவு செய்தவர், வரி வாங்கியவர், இணைப்புக் கொடுத்தவர் ஆகிய அனைவரும் தவறியிருக்க, அதன் தண்டனையை மனை வாங்கியவர் ஒருவரே ஏற்பது அநீதி என்பதைக் கட்டுரையாளர் மனமாரச் சொல்லட்டும். ஏழையின் வீட்டைக் கணக்கிலெடுக்கும் அளவையே அரசாங்கக் கட்டடத்துக்கும் கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லட்டும். பிறகு, வரி ரசீது நிலத்தின் வகையை மாற்றிவிடாது என்பதையும், ஏரியின் கொள்ளளவு குறையக் குறைய அடைமழைக்காலத்தில் வெள்ளம் முதலில் புகுவது தாழ்ந்த இடத்திலிருக்கும் அந்த வீடுகளுக்குள்ளேதான் என்பதையும் எடுத்துக் காட்டட்டும். அகற்றுவதற்கு முன்பே, வேலைக்குச் சென்று திரும்பக்கூடிய தூரத்தில், பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபடாத மாதத்தில் மாற்று மனை தரப்பட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் தாமாகவே வந்து சேர்வார்.

இங்கே நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். 'வீடுகளை அகற்றுக' என்று தொடங்கிய கட்டுரை, ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு வந்தபோது, அகற்றும் வகையையும் காலத்தையும், குற்றத்தின் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதையும் கூறும் கட்டுரையாக மாறிவிட்டது. ஆட்சேபத்துக்குச் சமாதானம் கூறுவது வாசகரை இணங்கச் செய்யும் உபாயம் என்று மாத்திரம் கருதுவது போதாது. முதலில் அது திருத்துவது எழுதுபவருடைய சொந்தக் கொள்கையைத்தான்.

இதற்கு உலகறிந்த ஒரு திருஷ்டாந்தம் சார்லஸ் டார்வின். 1859-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் பதினான்கு அத்தியாயங்களுள் ஆறாவது, தம் கொள்கைக்கு நேரும் இடர்ப்பாடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதைத் தொடரும் மூன்றும், பிராணிகளின் இயல்புணர்ச்சி, கலப்பினங்களின் மலட்டுத்தன்மை, பாறைப் படிவுகளில் இடைநிலை உருவங்கள் கிடைக்காமை என்று, எதிரிகள் எழுப்பக்கூடிய கேள்விகளையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றன. கண்ணைப் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. தொலைவுக்கேற்பப் பார்வையைச் சரிசெய்துகொண்டு, ஒளியின் அளவுக்கேற்பச் சுருங்கி விரியும் இத்தகைய கருவி, இயற்கைத் தேர்வினால் படிப்படியாக உண்டாயிற்று என்பது முழு அபத்தமாகவே தோன்றுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எந்த எதிரியும் இதைவிடக் கடுமையாக அவரைத் தாக்கியிருக்க முடியாது. இவ்வாறு சொல்லிவிட்டு, ஒளியை உணரும் வெறும் நரம்பிலிருந்து நிறைவு பெற்ற கண் வரையில் எத்தனையோ படிகள் உயிர்களிடையே காணப்படுவதையும், ஒவ்வொரு படியும் அதனை உடைய உயிருக்குப் பயன்பட்டால் போதும் என்பதையும் நிதானமாக எடுத்துரைக்கிறார். அத்தோடு நில்லாமல், சிறு சிறு மாறுதல்கள் தொடர்ந்து சேர்ந்து உண்டாகியிருக்கவே முடியாத ஓர் உறுப்பை எவரேனும் காட்டிவிட்டால் தம் கொள்கை அடியோடு வீழும் என்று, தம்மை வெல்லும் வழியையும் எழுதி வைக்கிறார்.

இது வெறும் நடையழகன்று, பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு. தம் முடிவுகளுக்கு விரோதமான ஒரு செய்தியையோ எண்ணத்தையோ கண்டால் உடனே தவறாமல் குறித்துவைக்கும் நியமத்தைத் தாம் கடைப்பிடித்ததாகவும், அனுகூலமானவற்றைவிடப் பிரதிகூலமானவையே நினைவிலிருந்து விரைவில் நழுவிவிடுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டதாகவும் அவர் சுயசரிதையில் கூறியிருக்கிறார். எழுதப் பழகும் இளைஞருக்கு இதைவிட உபயோகமான ஒரு வழக்கத்தை நான் அறியேன். ஒரு நோட்டுப் புத்தகமும் மனத்துணிவும் இருந்தால் போதும்.

ஆயினும் எல்லா ஆட்சேபங்களுக்கும் விடை கூற வேண்டுவதில்லை. 1871-இல் மைவார்ட் என்னும் விலங்கியல் அறிஞர் டார்வினுக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். மறு ஆண்டு வந்த ஆறாம் பதிப்பில், பெரிதும் அவருக்கு விடையாகவே ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது. அந்தச் சமாதானங்களுக்கு மதிப்பு உண்டெனினும், முதற்பதிப்பின் ஓட்டம் ஆறாவதில் இல்லை என்பதனால் இன்றும் முதற்பதிப்பையே படிக்கச் சொல்லும் அறிஞர் பலர். சிறு கட்டுரை எழுதுபவர், நியாயமுள்ள வாசகர் ஒருவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஆட்சேபம் எதுவோ அதனை மட்டும் தேர்ந்துகொள்வது நலம். அதற்குரிய இடம் முடிவுரைக்கு முன் என்று பள்ளியில் கற்பிக்கும் விதியையும் நான் முழுவதும் ஏற்பதற்கில்லை. வாசகருக்குச் சந்தேகம் இரண்டாவது பத்தியிலேயே எழுமாயின், சமாதானமும் அங்கேயே வர வேண்டும்.

நம் நாட்டில் இக்கலையின் உயர்ந்த மாதிரியாக நான் கருதுவது, டாக்டர் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத் தோடக் மண்டலம் என்னும் சாதி ஒழிப்புச் சங்கம் 1936-ஆம் ஆண்டு மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க அவரை அழைத்தது. எழுதி அனுப்பிய உரையைக் கண்டு அமைப்பாளர் சில பகுதிகளை மாற்றக் கோரினர். அவர் மறுக்கவே மகாநாடு நின்றுவிட்டது. பேசப்படாத அவ்வுரையை அவர் தம் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். அவை இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தன. தமிழிலும் அது விரைவில் பெயர்க்கப்பட்டது. அரசியல் விடுதலை முதலில் வரட்டும் என்போரையும், பொருளாதாரச் சமத்துவம் வந்தால் மற்றவை தாமே வரும் என்னும் சமதர்மவாதிகளையும் உரையின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டு, அதன் பின்னரே அவர் சாதியை ஆராயப் புகுகிறார். சாதி என்பது தொழிற்பிரிவினைதானே, நாகரிக சமுதாயம் எதற்கும் அது வேண்டியதல்லவா என்ற கேள்வியை ஒதுக்கிவிடாமல், தொழிற்பிரிவினை அவசியம் என்பதை ஏற்றுக்கொண்டே, சாதியோ தொழிலாளரையே பிரித்து மேல்கீழாக அடுக்குவது என்று காட்டிய இடம், பவணந்தியார் வகுத்த மூன்றாவது மதத்துக்குச் சரியான உதாரணம்.

காந்தியடிகள் அந்த ஆண்டு ஜூலையில் 'ஹரிஜன்' பத்திரிகையில் அவ்வுரையை விமர்சித்தார். அம்பேத்கர் மேற்கோள் காட்டிய சாத்திர வசனங்கள் பிரமாணமாகா என்றும், ஒரு மதத்தை அதன் சிறந்த மனிதரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றும் கூறி, சைதன்யர், துக்காராம் முதலிய பெரியோரின் வரிசையில் நம் திருவள்ளுவரையும் அவர் வைத்தார். 1937-இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது, அம்பேத்கர் அந்த விமர்சனத்தையும் தம் நூலிலேயே அச்சிட்டு, அதனை அடுத்துத் தம் விடையை வைத்தார். வசனங்கள் இடைச்செருகலா அல்லவா என்பதைப் பாமர மக்கள் அறியார்கள்; தமக்குச் சொல்லப்பட்டதையே சாத்திரம் என்று நம்பி நடக்கிறார்கள் என்பது முதல் ஆட்சேபத்துக்கு அவர் கூறிய சமாதானம். மகான்களைப் பற்றியதற்கு அவர் விடை இன்னும் ஆழமானது: அவர்கள் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கவலைப்பட்டார்களேயன்றி, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றிப் போராடவில்லை, அவர்களுடைய வாழ்க்கையும் மக்களுக்கு முன்மாதிரி ஆகவில்லை, ஏனெனில் மகான் சாதியை மீறலாம், சாமானியன் மீறலாகாது என்றே மக்களுக்குப் போதிக்கப்பட்டு வந்திருக்கிறது.