பாட்டியின் ஊசியும் பேரனின் எண்ணும்

உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரில் கிளினிக்கில் யாருடைய தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறது? சற்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 24-இல் நாட்டில் கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஏப்ரல் 19 முதல் 60 வயது கடந்தவர்களின் முறை. கிளினிக்கிலும் பதியலாம் என்றாலும், பலரும் மைசெஜாத்ரா செயலியில்தான் பதிந்தோம். ஊசி போடும் நாளும் இடமும் அதிலேயே வரும்.

கடைசி லயத்துப் பாட்டியிடம் ஏது கைப்பேசி? பேரன் தன் எண்ணைக் கொடுத்துப் பதிந்தான். பிறகு நீலாயில் வேலை கிடைத்துப் போனவன், எண்ணையும் மாற்றிவிட்டான்.

"வாத்தியாரய்யா, என்னை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று பாட்டி என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார். விசாரிக்கப் போனேன். அவருடைய நாள் கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது! கணக்கில் 'வரவில்லை' என்றிருந்தது. தினமும் வாசலில் காத்திருந்தவரா வராதவர்? மறுநாள் வாங்குவதற்குள் பக்கத்து லயத்தில் நோய் வந்துவிட்டது. நாங்கள் பட்ட பயம் கொஞ்சமல்ல.

தோட்டத்து டிரெசர் காலத்தில் பிரட்டில் ஒரு முகம் குறைந்தால் லயத்துக்கே ஆள் வரும். அதற்காக அந்தக் காலத்துப் புத்தகத்தைப் புகழ மாட்டேன். கிராணி எழுதிய பெயர் ஒன்று, டிரெசர் எழுதியது ஒன்று, சிரம்பான் பெரியாஸ்பத்திரிச் சீட்டில் வேறொன்று. 1990-இல் 12 இலக்க அடையாள எண் வந்தது. முதல் ஆறு பிறந்த நாள்; அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. எழுத்து மாறினாலும் ஆள் ஒருவரே என்று டாக்டருக்குத் தெரிந்தது. அது பெரிய உதவி.

ஆனால், பிறப்புப் பத்திரம் எடுக்காத பிள்ளைக்கு அந்த எண் ஏது? அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்கு 1 வெள்ளி. இங்கேயே பிறந்த அவனிடம் பெரும்பாலும் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். அதற்குப் பயந்தே காய்ச்சலைக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்ளும் தாய்மாரை நான் அறிவேன்.

தம்பி தங்கைகளே, இன்று மாலையே தாத்தா பாட்டியின் கிளினிக் புத்தகத்தை எடுத்து எண்ணைச் சரிபாருங்கள். எங்கள் பாட்டியின் புத்தகத்தில் இப்போது மூன்று எண்கள்: பேரனின் புது எண், அடுத்த வீட்டு மருமகளுடையது, என்னுடையது.